ஒரு வீட்டுக்கு ஒரு ரிமோட்

தோசை திருப்பு விளையாட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டிவி திரையில் கல் காயும், மாவு வட்டமாக விரியும், ஓரம் மெல்லப் பொன்னிறமாகும். அந்த நொடியில் ரிமோட்டின் நடுப் பொத்தானை அமுக்க வேண்டும். முந்தினால் தோசை கிழியும். பிந்தினால் கருகும். நூறு தோசை சுட்டவருக்கு ஒரு மீசைக்காரர் திரையில் வந்து கைகூப்புவார்.

மினுக்கு என்ற நிறுவனம் இந்த விளையாட்டை, டிவியோடு இணைக்கும் தன் பெட்டியில் சேர்த்து வீடு வீடாக அனுப்பிய வருடம், ரெஜினா கணுக்கால் முறிந்து வீட்டில் கிடந்தாள். தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் அவள் பிசியோதெரபிஸ்ட். ஊரையெல்லாம் நடக்க வைப்பவள் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் அவள் கணவன் பெனடிக்டுக்கு ஒரு வாரம் சிரிப்பு அடங்கவில்லை. பொழுது போகட்டும் என்று அவன்தான் அந்தப் பெட்டியை மாட்டிக் கொடுத்தான். இணைய இணைப்பு அவன் பேரில் இருந்ததால் பெட்டியும் அவன் பேரிலேயே பதிவானது. வேலை முடிந்து வந்ததும் எப்போதாவது அவனும் பக்கத்தில் உட்கார்ந்து பத்து தோசை சுடுவான். மகள் ஷெரின் நாகர்கோவில் விடுதியில் இருந்து படித்ததால் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

பெனடிக்ட் துறைமுகத்தில் பத்தொன்பது வருடமாகக் கிரேன் ஓட்டியவன். நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட கூண்டில் குனிந்து உட்கார்ந்து, கப்பலிலிருந்து கண்டெய்னர்களை ஒவ்வொன்றாக எடுத்து லாரியின் மேல் வைப்பான். இறக்கும் பெட்டிக்குள் கண்ணாடிச் சாமான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வைக்க வேண்டும் என்பான். ஒருமுறைகூட லாரி டிரைவர் குலுங்கியதில்லை.

மினுக்கு பெட்டி வந்த ஐந்தாம் மாதம், அவனை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்த நிறுவனத்தின் அதிகாரி சங்கரநாராயணன் அவனைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு தாள் இருந்தது. கைத்திறன் மதிப்பெண், நூற்றுக்கு நாற்பத்தொன்று. இனிமேல் கிரேனில் ஏற முடியாது என்றார். பெனடிக்ட் துறைமுக டாக்டரிடம் போய் எல்லாச் சோதனையும் செய்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதி வாங்கி வந்தான். சங்கரநாராயணன் அதைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"டாக்டர் சொல்றது நீங்க இன்னைக்கு எப்படி இருக்கியன்னு. இது அடுத்த வருஷம் எப்படி இருப்பியன்னு சொல்லுது."

"சார், நான் இன்னைக்குத்தான வேல பாக்கேன்," என்றான் பெனடிக்ட்.

அந்த மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தொழிற்சங்கத்தின் வழக்கறிஞர் இசக்கியம்மாள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது. மினுக்கு ரிமோட்டுக்குள் அசைவை அளக்கும் சின்ன உறுப்பு ஒன்று இருந்தது. தோசை திருப்பும் ஒவ்வொரு முறையும் விரல் எவ்வளவு தாமதிக்கிறது, எப்படி நடுங்குகிறது என்று அது குறித்துக்கொள்ளும். அதை மினுக்கு மதிப்பெண்ணாக மாற்றித் துறைமுகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பேருந்து நிறுவனங்களுக்கும் விற்றது. பெட்டியை மாட்டியபோது பெனடிக்ட் 'சம்மதம்' என்று அமுக்கியிருந்தான். எந்த ஆட்டத்தை வைத்து மதிப்பெண் போட்டீர்கள் என்று இசக்கியம்மாள் கேட்டதற்கு, அது எங்கள் தொழில் ரகசியம் என்று பதில் வந்தது. வழக்கு அங்கேயே நின்றது.

துறைமுகத்தை விட்டுத் தள்ளி இருக்க பெனடிக்டால் முடியவில்லை. லேஷிங் வேலையை வாங்கிக்கொண்டான். கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்களை நீள இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டும் வேலை அது. அதற்கு எந்த மதிப்பெண்ணும் தேவைப்படவில்லை. பதினோராம் வாரம், காலை எட்டரை மணிக்கு, மழையில் நனைந்திருந்த மேல் தட்டிலிருந்து இரண்டு அடுக்குகளுக்கு நடுவே விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போயிற்று.

ரெஜினா அழுதாள், அடக்கம் செய்தாள், ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். அதோடு முடிந்திருக்கக்கூடும். ஆனால் ஒரு மத்தியானம், மருத்துவமனைச் சாப்பாட்டு அறையில், உடன் வேலை செய்பவள் ஒருத்தி தன் போனில் ஒரு பேச்சைக் காட்டினாள். மினுக்கு நிறுவனத்தைத் தொடங்கிய வசுந்தரா பார்த்திபன் ஏதோ மாநாட்டு மேடையில் பேசிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, கைத்தறிப் புடவை, பதற்றமில்லாத குரல். மனுஷங்க எங்க வேணும்னாலும் நடிப்பாங்க, விளையாடும்போது மட்டும் நடிக்க மாட்டாங்க என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அவளுக்குப் பின்னால் ஒரு படம் வந்தது. ஒரு தென்தமிழகத் துறைமுகம், ஆள் எண் 7716, மதிப்பெண் நாற்பத்தொன்று, பதினோரு வாரத்தில் விபத்து. "எங்க மதிப்பெண் முன்னாடியே சொல்லுச்சு," என்றாள் வசுந்தரா. அரங்கம் கை தட்டியது.

ரெஜினா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்தாள். அன்று மாலையே மினுக்கு நிறுவனத்தின் வேலை விளம்பரங்களைத் தேட ஆரம்பித்தாள்.

நிறுவனத்துக்குப் பிசியோதெரபிஸ்டுகள் தேவைப்பட்டார்கள். விரல் அசைவுகளின் கோடுகளைப் பார்த்து, இது சோர்வு, இது மூட்டு வலி, இது நரம்பு நோய் என்று குறித்துக் கொடுத்தால் இயந்திரம் அதிலிருந்து கற்றுக்கொள்ளும். ரெஜினாவின் சான்றிதழ்கள் எல்லாம் கல்யாணத்துக்கு முந்தைய பேரில் இருந்தன. யாரிடமும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெருங்குடியில் ஏழாம் மாடியில் அவளுக்கு ஒரு மேசை கொடுத்தார்கள்.

எட்டு மாதம் தலை நிமிராமல் வேலை செய்தாள். தனக்கு வேண்டியது பழி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நிறுவனத்தைக் கொளுத்தினாலும் வேறொன்று முளைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த மேடையில் நின்ற பெண், தன் கையைப் பற்றி ஒரு தாள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பேச்சற்று நிற்க வேண்டும். அது போதும் என்று நினைத்தாள்.

ஒன்பதாம் மாதம் 7716-இன் கோப்பைத் திறக்க அவளுக்கு அனுமதி கிடைத்தது. அவளைப் போன்றவர்களுக்குக் கோடுகள் மட்டும்தான் தெரியும். எப்போது ஆடியது என்ற நேரம் தெரியாது. பொய்யான கோப்பாக இருக்கும் என்று நம்பித்தான் திறந்தாள். பத்து நிமிடத்தில் அதைக் கண்டுகொண்டாள். வலது கட்டைவிரலில் மெல்லிய, ஒரே சீரான நடுக்கம். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் பார்க்கின்சன் நோயின் தொடக்கம் என்று அவள் படித்த படிப்பு சொன்னது. நூறு கோப்புகளில் ஒன்றில்கூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

இருபத்தொரு வருடம் பக்கத்தில் படுத்தவள், கைகளைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள், இதைக் கவனிக்கவில்லை. பெண்கள் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வெளியே வந்தபோது அவளுடைய கோபம் குறையவில்லை. நோய் இருந்தது என்றால் சொல்லியிருக்க வேண்டும். வைத்தியம் பார்த்திருக்கலாம். அவர்கள் அவனிடம் சொல்லவில்லை, விற்றார்கள்.

அவளிடம் ஒரு கருவி இருந்தது. ஒரே ஆள் இரண்டு வீடுகளில் இரண்டு பெட்டிகளில் ஆடினால், இரண்டும் ஒரே கை என்று குறித்து இணைத்துவிடலாம். வசுந்தராவும் தன் வீட்டில் தோசை சுடுகிறாள் என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். தன் மதிப்பெண் தொண்ணூற்று மூன்று என்று புதிதாக வருபவர்களிடம் பெருமையாகச் சொல்வாள். ஒரு புதன்கிழமை, தேநீர் இடைவேளைக்கு முன், ரெஜினா பெனடிக்டின் கோப்பை வசுந்தராவின் கோப்போடு இணைத்தாள்.

அப்போது மினுக்கு நிறுவனத்தை ஒரு சிங்கப்பூர் நிறுவனம் வாங்கப் பேசிக்கொண்டிருந்தது. தலைமையில் இருப்பவரின் உடல்நிலைக்குக் காப்பீடு கேட்டார்கள். காப்பீட்டுக்காரர்கள் மினுக்கு மதிப்பெண்ணைத்தான் பார்த்தார்கள். நாற்பத்தாறு என்று வந்தது. வசுந்தரா மூன்று டாக்டர்களிடம் சான்று வாங்கி வந்தாள். அவளோடு கல்லூரியில் படித்து, அவளோடு சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கியவரே அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, டாக்டர்கள் இன்றைய நிலையைத்தான் சொல்கிறார்கள், நம் மதிப்பெண் வரப்போவதைச் சொல்கிறது, இதை நீயே நம்பவில்லை என்றால் வேறு யார் நம்புவார்கள் என்று கேட்டாராம். பத்து நாளில் அவளை ஆலோசகர் என்ற பேரில் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். கண்ணாடி அறையிலிருந்து தன் பொருட்களோடு அவள் வெளியே வந்ததை ரெஜினா தன் மேசையிலிருந்து பார்த்தாள். அன்று மத்தியானம் இரண்டு வருடத்தில் முதல் முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள். வேலையை விட்டு ஊருக்குத் திரும்பினாள்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. வசுந்தரா தனியாக வந்திருந்தாள். கையில் ஒரு காகித உறை. ரெஜினா உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள்.

"யார் இணைச்சாங்கன்னு கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆச்சு," என்றாள் வசுந்தரா. "ஏன்னு கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்தான் ஆச்சு. உங்க புருஷனோட மேரேஜ் சர்டிபிகேட்ல உங்க பழைய பேர் இருக்கு."

"போலீசோட வருவியன்னு நெனச்சேன்."

"வந்திருப்பேன். இதப் படிக்கலைன்னா."

உறையிலிருந்த தாள்களை அவள் நீட்டினாள். 7716-இன் ஆட்டங்கள், நேரத்தோடு. செவ்வாய் காலை பத்து பதினாலு. செவ்வாய் பதினொன்று இரண்டு. புதன் ஒன்பது நாற்பது. பக்கம் பக்கமாகக் காலை நேரங்கள். பெனடிக்டுக்கு அந்த மாதங்கள் முழுக்க காலை ஆறிலிருந்து மத்தியானம் இரண்டு வரை வேலை. ரெஜினா மூன்றாவது பக்கத்தில் நிறுத்திவிட்டாள். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு அந்த நேரங்களில் அந்த அறையில் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"மொத்தம் முந்நூத்துப் பன்னெண்டு ஆட்டம். அவர் ஆடினது இருபத்திரெண்டு," என்றாள் வசுந்தரா. "அத மட்டும் தனியா எடுத்து ஓட்டிப் பார்த்தேன்."

"எவ்வளவு வந்துச்சு?"

"எண்பத்தொம்பது."

ரெஜினா தாள்களை மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் அவளுக்கு வந்தது பயம் அல்ல. எண்பத்தொன்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் இருக்கவில்லை. அவள் எதையும் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. அந்த நிம்மதி கொஞ்ச நேரம் இருந்தது. அதற்குப் பிறகுதான் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். ஒரு வருடமாகக் கையெழுத்து சிறுத்துக்கொண்டே வந்ததும், கோயிலுக்குப் போகும்போது வலது கை வீசாமல் தொங்கியதும், எல்லாம் துக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தன. அவளுடைய விரல் அவனைக் கிரேனிலிருந்து இறக்கியிருந்தது.

வசுந்தரா கொஞ்சம் பொறுத்துப் பேசினாள். தவறுதலாக இணைத்துவிட்டேன் என்று ரெஜினா ஒரு கடிதம் கொடுத்தால் போதும், தன் இடத்துக்குத் திரும்பிவிடுவாள். இந்த நோய் விஷயம் வெளியே வராது, ரெஜினா ஆஸ்பத்திரி வேலையைத் தொடரலாம், சென்னையில் நல்ல நரம்பியல் டாக்டரிடம் தானே கூட்டிப் போவதாகச் சொன்னாள். அவள் குரலில் கொஞ்சம் உண்மையான இரக்கமும் இருந்தது.

"அப்ப மத்தவிய?" என்று கேட்டாள் ரெஜினா.

"எந்த மத்தவங்க?"

"எங்க வீட்ல மட்டுமா ரெண்டு பேரு ஆடினோம்? உங்க பொட்டி போன வீட்ல எல்லாம் ஒரு ரிமோட்டுதான. யாரு கைய யாரு பேர்ல எழுதுனிய?"

வசுந்தரா காலி உறையை இரண்டாக மடித்தாள்.

"எத்தன பேருன்னு பாத்தியளா?"

"பார்க்கல."

"பாத்தா தெரிஞ்சிரும்னு பாக்கல," என்றாள் ரெஜினா. பிறகு எழுந்து போய்த் தேநீர் போட்டு வந்தாள். கடிதத்தைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள். கார் தெருவைத் தாண்டியதும் இசக்கியம்மாளுக்குப் போன் செய்தாள்.

மறுநாள் நேரில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இசக்கியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கோப்பை இணைத்ததை ஒத்துக்கொண்டால் ரெஜினாமேல் தனியாகக் கிரிமினல் வழக்கு வரும் என்றாள். நோய் நீதிமன்றப் பதிவில் ஏறிவிட்டால் எந்த ஆஸ்பத்திரியும் ஒரு நோயாளியை அவள் கையில் ஒப்படைக்காது என்றாள். "நல்லா யோசிச்சுக்கிடுங்க. இதுல உங்களுக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது."

"அவியளுக்கும் மிஞ்சக்கூடாது," என்றாள் ரெஜினா.

திருநெல்வேலி நரம்பியல் டாக்டர் நோயை உறுதி செய்து மாத்திரை கொடுத்தார். மாத்திரை நன்றாக வேலை செய்தது. கையெழுத்து மறுபடி பெரிதானது, சட்டைப் பொத்தான் சுலபமாக மாட்டியது. நின்றுபோன வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது, டாக்டரிடம் சொல்லாமல், அவள் அதை நிறுத்தினாள். நாலாம் நாள் கரண்டி கையில் நிற்கவில்லை. ஏழாம் நாள் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார ஷெரின் தூக்கிவிட வேண்டியிருந்தது. மகள் எவ்வளவோ அழுது பார்த்தாள். ரெஜினா மாத்திரை அட்டையைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

தொழிலாளர் நீதிமன்றத்தில் காணொளி விசாரணைக்கு வைத்திருந்த டிவியில் மினுக்கு பெட்டியை மாட்டினார்கள். சாட்சி சொல்ல வந்த பெண் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தோசை சுடுவதைப் பார்க்க, அடுத்த வழக்குக்கு வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். முதல் தோசை கருகியது. இரண்டாவதும் கருகியது. யாரோ சிரித்தார்கள், பிறகு அவள் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். இருபது தோசையில் பதினேழு கருகின. நிறுவனத்தின் நிபுணர், கண்ணாடி போட்ட இளைஞர், தன் கணினியில் அந்தக் கோடுகளை 7716-இன் கோடுகளோடு ஒப்பிட்டார்.

இசக்கியம்மாள் எழுந்தாள். "ரெண்டும் ஒரே கையா, வேற வேற கையா? அத மட்டும் சொல்லுங்க."

நிபுணர் தன் வழக்கறிஞரைப் பார்த்தார். வழக்கறிஞர் மேசையைப் பார்த்தார். காலை நேரங்கள் இருந்த தாள்கள் ஏற்கெனவே நீதிபதியின் மேசையில் இருந்தன. வேறு கை என்று சொன்னால், ஒரு கையை அடையாளம் காண முடியாத மதிப்பெண்ணை அவர்கள் ஆயிரம் முதலாளிகளுக்கு விற்றிருக்கிறார்கள். ஒரே கை என்று சொன்னால், பெண்டாட்டியின் கையை வைத்துப் புருஷனை இறக்கியிருக்கிறார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வசுந்தராவுக்கு அது எல்லோருக்கும் முன்பே புரிந்துவிட்டது. ரெஜினா சாட்சிக் கூண்டிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே கை," என்றார் நிபுணர்.

இறுதித் தீர்ப்பு வரும்வரை அந்த மதிப்பெண்ணை வைத்து யாரையும் வேலையிலிருந்து மாற்றக்கூடாது என்றும், மாற்றப்பட்டவர்களைப் பழைய வேலைக்கே திரும்ப எடுக்க வேண்டும் என்றும் நீதிபதி அன்றே இடைக்கால உத்தரவு போட்டார். கோப்பை இணைத்தது பற்றிப் போலீஸ் விசாரிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். சிங்கப்பூர் நிறுவனத்துக்காக வந்திருந்த வழக்கறிஞர் உத்தரவை முழுக்கக் கேட்கக்கூட இல்லை. போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார். துறைமுகத்திலிருந்து வந்திருந்த ஆட்கள் சிலர் ரெஜினாவிடம் வந்து கும்பிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர் பெனடிக்டோடு கிரேன் ஓட்டியவர்கள். ஒருவர் ஏதோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஷெரின் ஆட்டோ கூப்பிடப் போயிருந்தாள். ரெஜினா தாழ்வாரத்து மர பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். தாளைப் பிதுக்கி மாத்திரையை வெளியே தள்ள விரல்களுக்கு வலு இல்லை. அட்டை இரண்டு முறை மடியில் விழுந்தது.

அந்தப் பக்கமாக வந்த வசுந்தரா நின்றாள்.

"எத்தனை நாளா நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"ஒம்பது நாளா."

வசுந்தரா அவள் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் கையை நீட்டினாள். "குடுங்க. நான் பிரிச்சுத் தரேன்."

நீட்டிய அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. தொண்ணூற்று மூன்று வாங்கிய கை. ரெஜினா அதைப் பார்த்துவிட்டு, அட்டையை வாயில் கடித்து, தாளைப் பல்லால் கிழித்து, மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினாள்.